அப்பா ஏர் கிளீனர் மாட்டிய நாள்

ஏர் கிளீனர் இல்லாமலும் கார் ஓடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கேட்கிறவர்கள், "பாவம், வண்டி ரிப்பேரானால் பெரியவர் என்ன செய்வார்" என்று அப்பாவுக்காக உச்சுக்கொட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இஞ்சினுக்குள் போகிற காற்றின் தூசியை எண்ணெயில் பிடித்துவைக்கிற ஒரு தகர டப்பா, அவ்வளவுதான் அது. எங்கள் பழைய அம்பாசிடரில் அந்த டப்பாவின் அடிப்பாகம் துருப்பிடித்து எண்ணெய் ஒழுகியதால் அப்பா அதைக் கழற்றி எறிந்துவிட்டார். காற்று நுழைகிற கார்புரேட்டரின் திறந்த வாயில் என்னுடைய கிழிந்த துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, ஒரு மாதமாகக் கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போய் மீனும் மரச்சீனிக் கிழங்கும் வாங்கிவந்துகொண்டிருந்தார். கார் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது.

என் கணவர் குவைத்தில் இருக்கிறார். நான் அப்பா வீட்டோடு தங்கி, பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அதனால் அந்தச் சனிக்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் பார்க்கிற கொடுப்பினை எனக்குக் கிடைத்தது.

விடிந்தும் விடியாமலும் பூதப்பாண்டியிலிருந்து போன் வந்தது. பேசியது பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை. ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள், பெரியம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்றாள். "தங்கச்சி வந்தாளா, தங்கச்சி வந்தாளான்னே கேட்டுட்டுக் கிடக்கா. இன்னைக்குத் தாண்டாதுன்னு சொல்லுகாங்க. சித்தியை வேகம் கூட்டிட்டு வா மக்கா."

பெரியம்மா அம்மாவுக்கு ஒரே அக்கா. அம்மா நடக்கப் பழகும்முன் தாய் போய்விட்டாள். இடுப்பில் தூக்கிச் சுமந்து, சோறு ஊட்டி, தலைவாரி ஆளாக்கியது அக்காதான். உயிர் போகும்முன் சொந்தக்காரர்கள் வாயில் சொட்டுப் பால் விடுவது எங்கள் வழக்கம். பெரியம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து போனில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்: "யாரு விட்டாலும் எனக்கு எறங்காது கேட்டியா. நீ வந்து விடணும்." அம்மா அழுதுகொண்டே, "சும்மா கிட, சவம், அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்று ஊர்வழக்கில் செல்லமாக அதட்டுவாள்.

போனை வைத்ததும் அம்மா அழவில்லை. நேரே தொழுவத்துக்குப் போய்ப் பால் கறந்தாள். காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றினாள். குளித்து, பெரியம்மா எடுத்துக்கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்கும் கையுமாகக் கார் ஷெட்டின் முன்னால் போய் நின்றாள்.

அப்பா பானெட்டைத் திறந்துவைத்து ஸ்பானர்களைத் துணியில் வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அட்டைப்பெட்டி. நாகர்கோவிலில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் சொல்லிவைத்து வாங்கிய வேறொரு ஏர் கிளீனர் டப்பா அதற்குள் இருந்தது. வந்து ஒரு வாரமாகப் பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. அன்றைக்குத்தான் மாட்டவேண்டுமாம்.

"போலாம்" என்றார் அம்மாவைப் பார்க்காமலே. "இத மாட்டிட்டுப் போலாம். அர மணிக்கூர் வேல."

"அப்பா, இது இல்லாமத்தான நேத்து சந்தைக்குப் போனிய?" என்றேன்.

"சந்தையும் அந்த வீடும் ஒண்ணாட்டி? தொறந்த வாயோட வண்டியக் கொண்டு அவன் வாசல்ல நிறுத்தச் சொல்லுகியா?"

அவன் என்றது பெரியப்பாவை. பெரியப்பா செத்துப் பல வருடம் ஆகிறது. ஆனால் அப்பாவின் மனசில் அவர் இன்னும் அந்த வாசலில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் இந்தக் காரில்தான் போனோம். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது கார் கிளம்பவில்லை. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டு ஆட்களையும் சேர்த்துக்கொண்டு தெருக்கோடிவரை தள்ளினார். தள்ளியவர் வாயையும் மூடிக்கொண்டு தள்ளியிருக்கலாம். "அடுத்த தடவ வரும்ப தள்ளுகதுக்கு ஆளையும் வண்டியில ஏத்திட்டு வாரும்" என்றார். தெருவே சிரித்தது. நானும் சின்னப்பிள்ளை, சிரித்தேன். பெரியப்பா நல்ல மனுஷர்; அதை அங்கேயே மறந்திருப்பார். அப்பாவா மறப்பார்! அதற்குப் பிறகு அந்த வாசலை அவர் மிதிக்கவில்லை. பெரியப்பா செத்தபோதும் டைனமோ சரியில்லை, வண்டி எடுக்க முடியாது என்றார். அம்மாவையும் விடவில்லை. அம்மா அடுக்களையில் அழுதுவிட்டு அன்றைக்கும் மீன்குழம்பு வைத்தாள்.

ஆகவே இந்தத் தடவை கார் குறையில்லாமல் போகவேண்டும். வாசலில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, செத்துப்போன பெரியப்பாவுக்கும் கேட்கிற மாதிரி நிற்கவேண்டும். அதற்காகத்தான் ஏர் கிளீனர். மனுஷருக்கு வீம்பு இருக்கலாம். இப்படியும் இருக்குமா?

டப்பாவை முதலில் மண்ணெண்ணெயில் கழுவினார். அதற்குள்ளிருந்த கம்பிவலையை உதறி, மறுபடி கழுவி, வெயிலில் வைத்தார். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டேன். பெயின்ட் அடிக்கவேண்டுமாம். ஒரு உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது, இவர் பானெட்டுக்கு அடியில் யார் கண்ணுக்கும் தெரியாத தகரத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடிக்கிறார். அடித்து, தென்னை மரத்தடியில் நிறுத்தி, தள்ளிநின்று பார்த்து, விட்டுப்போன இடத்தில் இன்னொரு தடவை அடித்தார். "தொடாத. காயட்டு."

அம்மா பாலைத் திரும்பக் காய்ச்சி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

இனி இவரை நம்பிப் பிரயோசனமில்லை என்று நான் டாக்ஸிக்குப் போன் போட்டேன். அம்மாவுக்குக் கால்முட்டு வலி. என் ஸ்கூட்டரில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது. டாக்ஸி வந்து கேட்டில் நின்றது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு போனார். ஊர்க்காரரிடம் பேசும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், எங்களுக்குக் கிடைக்காத சிரிப்பு. "பிள்ள தெரியாம கூப்பிட்டுட்டா. நம்ம வண்டி நிக்குதுல்லா. நீங்க போங்க" என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவைத்தார். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. அம்மாவிடம் சொன்னார்: "ஏட்டி, போணும்னா இப்பவே நடந்து போ. பஸ்ஸு இருக்கு, ஆட்டோ இருக்கு. பொறவு இந்தப் படி ஏறண்டாம்."

"வாங்கம்மா, போவோம். படி ஏறண்டாம்னா ஏறண்டாம். நான் வச்சுப் பாக்கேன்" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா அசையவில்லை. "இப்ப முடிஞ்சிரும் மக்கா. முடிஞ்சிரும்னு சொல்லுகாருல்லா" என்றாள். அம்மாவின் மீதும்தான் எனக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்?

பெயின்ட் காய்ந்ததும் டப்பாவைத் தாங்குகிற இரும்புப் பட்டையின் துளை இஞ்சினில் இருக்கும் போல்ட்டோடு சேரவில்லை. டப்பா வேறு வருஷத்துக் காருடையது. அப்பா பட்டையை மரப்பலகையில் பிடித்துக்கொண்டு அரத்தால் துளையை நீட்ட ஆரம்பித்தார். கர், கர் என்று அந்தச் சத்தம் நடக்கும்போதுதான் பூதப்பாண்டியிலிருந்து வீடியோ கால் வந்தது. அக்கா போனைப் பெரியம்மாவின் முகத்துக்குக் கிட்டே பிடித்தாள். கன்னம் ஒட்டி, கண் பாதி மூடி, வாய் திறந்தே இருந்தது. அம்மாவின் குரல் கேட்டதும் கண் கொஞ்சம் திறந்தது.

"எறங்கியாச்சா?" என்றாள் பெரியம்மா. ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது.

"வீட்ட விட்டு எறங்கியாச்சு அக்கா. வந்துட்டே இருக்கோம்."

"சத்தம் கேக்கு... கார்லயா?"

"ஆமா அக்கா. கார்லதான்."

அப்பா அரத்தை நிறுத்தவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. என்னைப் பெற்றவர், சொல்லக்கூடாது. அந்த நேரத்தில் அந்த அரம் அவர் கையில் ஏறியிருந்தால் எனக்கு உள்ளூரக் குளிர்ந்திருக்கும்.

பட்டை பொருந்தியது. அடுத்து டப்பாவின் கழுத்து கார்புரேட்டரின் வாயில் உட்காரவேண்டும். அது தொளதொளவென்று ஆடியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம் கொடுத்து இறுக்கவேண்டும். நான் துணியைச் சுற்றி கிளிப் போடுங்கள் என்றேன். அப்பா எழுந்து விளைக்குள் போனார்.

விளை என்பது எங்கள் தோட்டம்; அதில் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. பால் வெட்டி, உறையவைத்து, உருட்டி, புகைப்புரையில் தொங்கவிட்டு ஷீட் ஆக்கி விற்போம். அப்பாவுக்கு அந்த ஷீட்டில் தாங்கமுடியாத கர்வம். தேன் நிறத்தில், ஒரு குமிழ் இல்லாமல் இருக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, கத்தரிக்கோலால் வளையம் வெட்டினார். "பாத்தியா? கடையில வாங்கினா இந்த மாதிரி ரப்பர் கிட்டுமா? நம்ம மண்ணுல வெளஞ்சது."

கிட்டாதுதான். பச்சை ரப்பர் பெட்ரோலில் ஊறினால் கரைந்து கூழாகிவிடும் என்று ரப்பர் நாட்டில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். நான் சின்னவளாக இருந்தபோது என் செருப்பை ஒட்டுவதற்கு அப்பாவே ஷீட் துணுக்குகளைச் தேங்காய்ச் சிரட்டையில் போட்டு, பெட்ரோல் ஊற்றி மூடிவைப்பார். மறுநாள் அது பசையாக இருக்கும். அதைச் செய்த அதே கை, பெட்ரோல் ஆவி அடிக்கிற கார்புரேட்டரின் வாயில் அதே ஷீட்டைக் கொண்டுபோய் வைத்தது. திட்டம்போட்டுச் செய்திருந்தாலாவது அவருக்கு ஒரு மரியாதை கொடுத்திருப்பேன். திட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தன் ஷீட்டின் அழகைப் பார்த்து மயங்கிவிட்டார். எனக்கும் கோபத்தில் அந்தச் சிரட்டை ஞாபகத்துக்கு வரவில்லை.

வளையத்தின் மேல் டப்பாவை வைத்து அழுத்தினார். கிளிப்பை முறுக்கினார். பட்டையின் போல்ட்டுகளை இறுக்கினார். உள்ளே கோடு வரை எண்ணெய் ஊற்றி, கம்பிவலையை வைத்து, மூடியைப் போட்டு, மேலே காதுள்ள நட்டைத் திருகினார். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. உண்மையைச் சொல்லவேண்டும், இஞ்சின் அதற்குமுன் அவ்வளவு அடங்கிய குரலில் ஓடி நான் கேட்டதில்லை. அப்பாவின் முகம் மலர்ந்துபோயிற்று. "கேட்டியாட்டி சத்தம்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள். அந்த அரை மணி நேர வேலை முடிந்தபோது சூரியன் உச்சி தாண்டி மேற்கே சாய்ந்திருந்தது.

முன்சீட்டில் அப்பா டூல்ஸ் பெட்டியையும் மிச்ச ஷீட்டையும் வைத்தார். நானும் அம்மாவும் பின்னால். அம்மா மூன்றாம் முறையாகக் காய்ச்சிய பாலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தக்கலை வரைக்கும் அப்பா பாட்டுப் பாடாத குறை. வில்லுக்குறி தாண்டியதும் கார் இருமியது. பின்னால் கறுப்புப் புகை. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. பிறகு இழுத்து இழுத்து ரோட்டோரத்தில் செத்து நின்றது.

அப்பா பானெட்டைத் திறந்து, டப்பாவைக் கழற்றினார். நான் எட்டிப் பார்த்தேன். அழகான அந்தத் தேன்நிற வளையம் பெட்ரோல் குடித்து, ஊறின அப்பளம் மாதிரி வீங்கிக் குழைந்து, பாதி கார்புரேட்டரின் தொண்டைக்குள் இழுபட்டு அடைத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குச் சிரட்டை ஞாபகம் வந்தது. அப்பாவுக்கும் வந்திருக்கவேண்டும். ஸ்குரூடிரைவரால் தோண்டித் தோண்டி எடுத்தார். விரலில் ஒட்டிக்கொண்டு நூல்நூலாக வந்தது. எல்லாம் வந்துவிட்டது.

"அப்பாடா" என்றேன். "டப்பா வேண்டாம், அப்படியே வண்டிய எடுங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

அப்பா முன்கதவைத் திறந்து மிச்ச ஷீட்டையும் கத்தரிக்கோலையும் எடுத்தார். பானெட்டின் மேல் விரித்து, இன்னொரு வளையம் வெட்ட ஆரம்பித்தார்.

"அதே ரப்பரா? நீங்க மனுசன்தானா?" என்று நடுரோட்டில் கத்தினேன். நாகர்கோவில் பஸ்கள் எங்களை உரசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. "இந்தத் தடவ கொஞ்சம் தடிமனா வெட்டுகேன். நிக்கும்" என்றார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஓரம் பிசிறில்லாமல் வெட்டிக்கொண்டிருந்தார். அப்போது என் போன் அடித்தது.

அக்கா அழவில்லை. "போயிட்டா" என்றாள். "கடைசியா வாயத் தொறந்தா. நான் பால் விட்டேன், வெளிய வழிஞ்சிட்டு. சித்திக்கிட்ட இனி மெதுவா வந்தாப் போதும்னு சொல்லு." வைத்துவிட்டாள்.

நான் அம்மாவிடம் சொல்லவேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். கால்முட்டைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி முன்னால் வந்தாள். பிளாஸ்கின் மூடியைத் திறந்தாள். பாலில் இன்னும் ஆவி வந்தது. கார்புரேட்டரின் திறந்த வாய் அவளுக்கு நேராக இருந்தது. அம்மா அதற்குள் பாலை ஊற்றினாள். சிந்தாமல், அவசரப்படாமல், பிளாஸ்கைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள்.

"ஏட்டி! இஞ்சினு போச்சுட்டி! ஒனக்குப் பைத்தியமா?" அப்பா கத்தரிக்கோலோடு பாய்ந்து வந்தார்.

"எனக்க அக்கா வாயில விடத்தான் குடுத்துவைக்கல்ல" என்றாள் அம்மா. "இதுக்க வாயிலயாவது விடுகேன். இதுதான ஒங்களுக்குச் சொந்தம்."

வெறும் பிளாஸ்கை மூடி என்னிடம் தந்தாள். வந்த பஸ்ஸைக் கைகாட்டினாள். முட்டு வலிக்காரி, யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். பின்கண்ணாடி வழியாக நான் பார்த்தபோது அப்பா பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

பூதப்பாண்டியில் பெரியம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியாயிற்று. அம்மா எடுத்துப்போட்டது வாய்க்கரிசிதான். அக்கா எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "காரு எங்க, தெருமுக்குலயா நிக்கு?" என்று மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். பெரியப்பா கேட்டிருந்தால் தெரு சிரித்திருக்கும். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அம்மா, "பஸ்ஸுல வந்தேன் மக்கா" என்று சொல்லிவிட்டு பெரியம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

அம்மா பதினாறாம் நாள் காரியம் வரை அங்கேயே இருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. பதினாறு முடிந்த மறுநாள் நான் போய் டாக்ஸியில் கூட்டிவந்தேன். படி ஏறும்போது அவளும் யோசிக்கவில்லை. அப்பாவும் தடுக்கவில்லை. காரை யாரோ கட்டி இழுத்துவந்து ஷெட்டில் விட்டிருந்தார்கள். அப்பா பானெட்டைத் திறந்துவைத்து, கார்புரேட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பால் உள்ளே திரிந்து, காய்ந்து, மஞ்சளாக ஒட்டிக்கிடந்தது. கறுப்பு பெயின்ட் அடித்த டப்பா பக்கத்தில் பளபளவென்று இருந்தது.

அம்மா ஷெட்டின் முன்னால் கொஞ்சம் நின்றாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது பேசவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். பெரியம்மாவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"எவ்வளவு கழுவியும் நாத்தம் போவல்லட்டி" என்றார்.

"செத்தது நாறத்தான் செய்யும்" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்தன்று பெரியப்பா வாசலில் சிரித்தேனே, அதே மாதிரி வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா கையில் குச்சியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை.